பதினாறு நாள் தள்ளி வந்த வண்டி

பின்பக்க இடது கதவைத் திறந்து, கதவோர ரப்பரின் உதட்டை விரலால் மடக்கிப் பார்த்தேன். கறுப்பு ரப்பரின் மேல் நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. நகத்தால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்து நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டது. பெயிண்ட்.

"இந்த வண்டி எனக்கு வேணாம்" என்றேன்.

2025 செப்டம்பர் 25, வியாழக்கிழமை, பகல் மூன்று மணி. செம்பரம்பாக்கம் தாண்டி ஒரு பொட்டல் வெளியில் தகர ஷெட்டும் கம்பி வேலியுமாக ஷோரூம்காரர்களின் ஸ்டாக் யார்டு. என் வீட்டுக்காரர், அப்பா, ஷோரூமிலிருந்து எங்களை அழைத்து வந்த சேல்ஸ் தம்பி, வாட்ச்மேன், நான். நான் சொன்னது யார் காதிலும் சரியாக விழவில்லை போல. வீட்டுக்காரர் பானட் பக்கம் நின்று வண்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை சொன்னபோதுதான் போனை இறக்கினார்.

எனக்கு வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில். கார் கதவைச் சுற்றி வரும் ரப்பர் இருக்கிறதே, மெக்கானிக் கடையில் பீடிங் என்பார்கள், நாங்கள் வெதர்ஸ்டிரிப் என்போம், அதைச் செய்யும் கம்பெனி. பதினாறு வருஷமாக அங்கே தரப் பரிசோதனையில் இருக்கிறேன். இந்த வண்டியை விற்கும் கம்பெனிக்கும் எங்கள் சரக்கு போகிறது. அதனால் வண்டி எது, ஷோரூம் எது என்று இங்கே எழுதப்போவதில்லை. கேட்டும் எழுதாதீர்கள்.

ரப்பரில் பெயிண்ட் இருந்தால் என்ன போச்சு என்று நினைக்கலாம். கார் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். வெறும் தகடாக, கண்ணாடி இல்லாமல், சீட் இல்லாமல், ஒயர் இல்லாமல் இருக்கும்போதே வண்டியின் உடம்புக்குப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். 140 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஓவனுக்குள் விட்டு அதை இறுக வைப்பார்கள். அதெல்லாம் முடிந்து ஆறிய பிறகுதான் எங்கள் ரப்பர் அதில் ஏறும். பெயிண்ட் முதலில், ரப்பர் பிறகு. எந்தத் தொழிற்சாலையிலும் இதுதான் வரிசை. ஆக, ரப்பரின் மேல் பெயிண்ட் ஒட்டியிருந்தால் அதற்கு ஒரே காரணம்தான். ரப்பர் ஏறிய பிறகு யாரோ அந்தக் கதவுக்குத் திரும்பப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், மாஸ்கிங் டேப்பை ஒழுங்காக ஒட்டாமல்.

அப்படிப் பிறகு அடிக்கும் பெயிண்டை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. பிளாஸ்டிக், ரப்பர், ஒயர் எல்லாம் உள்ளே இருக்கிறதே. குறைந்த சூட்டில் காய வைப்பார்கள். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். நாலு வெயில் காலம் போனால் தெரியும்.

கதவின் கீல் பக்கம் குனிந்து டார்ச் அடித்தேன். போல்ட் தலையில் பெயிண்ட் உடைந்து விளிம்பில் உலோகம் மினுங்கியது. ஸ்பானர் பட்டிருக்கிறது. கதவையே கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

"மேடம், ட்ரக்குல இருந்து இறக்கும்போது சின்னதா உரசியிருக்கும். டச்சப் பண்ணியிருப்பாங்க. இதெல்லாம் சாதாரணம் மேடம்" என்றார் சேல்ஸ் தம்பி. அவருக்கு இருபத்து மூன்று வயது இருந்தால் அதிகம். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கே அது தெரியாது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் எங்கள் லைனில் உரசல் உள்ள ஒரு துண்டு ரப்பரை நான் "சாதாரணம்" என்று சொல்லி அனுப்பினால் மறுநாள் எனக்கு மெமோ வரும். ஏழு லட்ச ரூபாய் வண்டிக்கு மட்டும் எப்படி அது சாதாரணமாகும்?

இந்த வண்டிக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 10-ம் தேதி புக் பண்ணினோம். ஐந்தே நாளில், 15-ம் தேதி செங்கோட்டையில் பிரதமர் ஜி.எஸ்.டி. குறையப்போகிறது என்று பேசினார். சேல்ஸ் தம்பியே போன் பண்ணி, "அவசரப்படாதீங்க மேடம், வெயிட் பண்ணுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். செப்டம்பர் 3-ம் தேதி கவுன்சில் முடிவெடுத்தது, 22 முதல் அமலுக்கு வந்தது. நாலு மீட்டர் நீளத்துக்கு மேல் போகாத, 1,200 சி.சி.க்கு மேல் போகாத பெட்ரோல் வண்டிக்கு அதுவரை வரி 28, செஸ் என்கிற கூடுதல் வரி 1, ஆக 29 சதவீதம். அது 18 ஆனது. 100 ரூபாய் அடக்கத்துக்கு 129 ரூபாய் கொடுக்க வேண்டிய இடத்தில் 118. எங்கள் மாடல் 7 லட்சத்து 90 ஆயிரத்திலிருந்து 7 லட்சத்து 23 ஆயிரத்துக்கு இறங்கியது. அந்த 67 ஆயிரம் எங்கள் வீட்டில் சின்னத் தொகை இல்லை. நான் இருபது மாசம் கட்டிய சீட்டை எடுத்துத்தான் முன்பணமே கட்டினோம்.

குறைந்தது ஒரு பக்கம் என்றால் கூடியது இன்னொரு பக்கம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை ஏற்றினார்கள் இல்லையா, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு இப்போது 13 சதவீதம். வரியே 94 ஆயிரத்தை ஒட்டி வந்தது. ஷோரூம் விலையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடன் கேட்டுப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் திண்டாடுகிறார்கள்.

22-ம் தேதியேதான் நவராத்திரியும் தொடங்கியது. வரியும் குறைந்து நாளும் கூடி வந்ததால் ஷோரூமில் உட்கார நாற்காலி இல்லை. எல்லோருக்கும் அக்டோபர் 1, ஆயுத பூஜையன்று வண்டி வேண்டும். எங்களுக்கும்தான். என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் பக்கம் பாடியில் சின்ன லேத் பட்டறை. மூன்று மெஷின், நாலு ஆள். ஆயுத பூஜையன்று பட்டறை வாசலில் புது வண்டியை நிறுத்தி, மெஷினோடு சேர்த்து அதற்கும் பொட்டு வைத்துப் பொரி, கடலை படைக்க வேண்டும் என்று இரண்டு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் திண்டிவனம் வரைக்கும் சொல்லி வைத்தாகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் நான் யார்டில் நின்று வேண்டாம் என்றேன்.

ஷோரூமுக்குத் திரும்பி வந்து மேனேஜரைப் பார்த்தோம். ஏ.சி. அறை, காபி எல்லாம் வந்தது. "வேற வண்டி இப்போதைக்கு இல்ல மேடம். இந்தக் கலர், இந்த வேரியன்ட் அக்டோபர் கடைசி ஆயிடும். இதையே எடுத்துக்கோங்க, ஆறாயிரம் ரூபாய்க்கு ஆக்சசரீஸ் ஃப்ரீயா போட்டுத் தர்றேன்" என்றார். கதவுக்குத் திரும்பப் பெயிண்ட் அடித்தது பற்றி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்றார். சரி, அந்தக் கதவு திரும்பப் பெயிண்ட் அடிக்கப்படவில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். அதற்கும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்ன "முடியாது" எனக்குப் போதுமான பதிலாக இருந்தது.

என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அவர் மனசு எனக்குத் தெரியும். எனக்காகத்தான் வாயைத் திறக்காமல் இருந்தார். அப்பாதான் பேசினார். அப்பா அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வீல் கோட்டம் எடுக்கும் வேலை பார்த்தவர். வீலைச் சுழலவிட்டு, ஒரு கண்ணை மூடி, ஸ்போக்கை அரைச் சுற்று முறுக்கி, திரும்பச் சுழலவிட்டு... சின்ன வயதில் வீட்டில் தட்டு சுழன்றால்கூட அப்பா ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

"மாப்ள" என்றார் என் வீட்டுக்காரரிடம். "கோட்டம் இருக்குன்னு தெரிஞ்சே வீல மாட்டி அனுப்பினா, ஓட்டறவன் தெனமும் அதைப் பாத்துட்டேதான் ஓட்டணும். பாப்பா கண்ணுல பட்டுடுச்சு. இனிமே அந்தக் கதவத் தொறக்கறப்பல்லாம் அவளுக்கு அதான் தெரியும்."

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "வேற வண்டி வர்றப்ப வரட்டும் சார்" என்றார். அந்த நாள் முழுக்க அவர் பேசிய ஒரே பெரிய வாக்கியம் அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு நாங்கள் அவ்வளவு உறுதியாக நிற்க முடிந்ததற்குக் காரணம், அதுவரை வண்டிக்கு நம்பர் விழவில்லை என்பதுதான். பதிவுக்கான ஃபார்ம் 20-ல் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேங்க்கிலும், "நான் சேசிஸ் நம்பர் சொன்ன பிறகுதான் பணத்தை ஷோரூமுக்கு அனுப்பணும்" என்று சொல்லி வைத்திருந்தேன். இது ரொம்ப முக்கியம். ஆர்.டி.ஓ.வில் பதிவாகி நம்பர் வந்துவிட்டால் வண்டி சட்டப்படி நம்முடையது. அதற்குப் பிறகு என்ன குறையைக் காட்டினாலும் "சர்வீஸுக்கு விடுங்க, சரி பண்ணித் தர்றோம்" என்பார்கள், மாற்றித் தர மாட்டார்கள். டெலிவரி அன்று பூமாலையும் கேக்குமாக நிற்கும்போது வண்டியைச் சுற்றிப் பார்த்து ஒரு பயனும் இல்லை. பார்ப்பதையெல்லாம் யார்டிலேயே, பகல் வெளிச்சத்திலேயே பார்த்துவிட வேண்டும். யார்டுக்கு வெளி ஆள் வரக் கூடாது என்று முதலில் சொல்வார்கள். புக்கிங்கை ரத்து செய்கிறேன் என்றால் வழி கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது.

ஆயுத பூஜை வண்டி இல்லாமல்தான் போனது. பட்டறையில் மூன்று மெஷினுக்கும் என் வீட்டுக்காரரின் பழைய ஸ்கூட்டருக்கும் பூஜை போட்டோம். பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து வண்டி எங்கே என்று கேட்டபோது, "பெயிண்ட் சரியில்லைன்னு உங்க தங்கச்சி திருப்பி அனுப்பிட்டாங்க" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொன்னார்.

அக்டோபர் 13, திங்கட்கிழமை போன் வந்தது. மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அதே யார்டுக்குப் போனோம். இந்தத் தடவை சேல்ஸ் தம்பி எனக்கென்று ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டு வைத்திருந்தார்.

டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நாலு டயரிலும் 3125 என்றே இருந்தது. 2025-ம் வருஷம் 31-வது வாரம். ஸ்டெப்னியில் 2925. தயாரித்த கம்பெனி கொடுக்கும் சான்றான ஃபார்ம் 22-ல் வண்டி தயாரித்த மாசம் செப்டம்பர் என்று போட்டிருந்தது. சேசிஸ் நம்பர் 17 எழுத்தையும் நான் வாசிக்க வாசிக்க அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு காகிதத்தில் விரல் வைத்துச் சரிபார்த்தார். ஓடோமீட்டரில் 9 கிலோமீட்டர். ஏ.சி., பவர் விண்டோ, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார்.

கதவு நான்கும் என் பங்கு. பையில் அன்றைய தினசரி காலண்டர் தாளைக் கிழித்து எடுத்துப் போயிருந்தேன். அதை நீளவாக்கில் மடித்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுக்க வேண்டும். ரப்பர் நன்றாக அமுங்கி உட்கார்ந்திருந்தால் தாள் இறுகி, தயங்கித் தயங்கி வரும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் தண்ணீரும் காற்றும் நுழையும். மேல் விளிம்பு, கண்ணாடி வளைவு, கீழ் மூலை என்று ஒரு கதவுக்கு எட்டு இடம். முப்பத்திரண்டு இடத்திலும் தாள் இறுகியே வந்தது. பின் கதவின் கீழ் மூலையில் அது கிழிந்தே போய்விட்டது. அவ்வளவு பிடி.

இந்த ரப்பரை இ.பி.டி.எம். என்போம். வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் வெடிக்காது என்பதால்தான் உலகம் முழுக்கக் கதவுக்கு இதையே போடுகிறார்கள். ஆனால் பார்க்க நன்றாக இருந்தால் மட்டும் போதாது. எங்கள் லேபில் ஒரு துண்டை 25 சதவீதம் அமுக்கி, 70 டிகிரி ஓவனில் 22 மணி நேரம் வைத்து எடுப்போம். எடுத்த பிறகு பழைய கனத்துக்கு எவ்வளவு திரும்புகிறது என்று அளப்போம். கம்ப்ரஷன் செட் என்று பெயர். அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தால் அந்த பேட்ச் முழுவதும் தள்ளுபடி. சென்னை வெயிலில் ஒரு வண்டிக் கதவு நாள் முழுக்க மூடியே கிடக்கும். சாயங்காலம் திறந்தால் ரப்பர் பழையபடி எழும்பி நிற்க வேண்டும். பத்து வருஷம் அப்படி எழும்பினால்தான் பத்தாவது ஐப்பசியிலும் கால்மிதி நனையாது.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஷோரூமில் 46 ஆயிரம் சொன்னார்கள். வெளியே அதே கவரேஜை 35 ஆயிரத்துக்கு எடுத்தேன். எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குகிறவர் விருப்பம், ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். அதில் பேரம் இல்லை. நான் கறாராக இருந்தது எஞ்சின் பாதுகாப்பு என்கிற கூடுதல் கவருக்கு. நாங்கள் இருப்பது கொரட்டூரில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வேளச்சேரிக்காரர்கள் காரையெல்லாம் மேம்பாலத்தில் வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் எதிர் வீட்டு அண்ணனுக்கு அது தோன்றவில்லை. தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாகச் சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணினார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அவருக்கு அதுதான் நடந்தது. சாதாரண பாலிசியில் அதற்குப் பணமும் கிடைக்கவில்லை. சென்னையில் கார் வாங்குகிறவர்கள் சீட் கவரில் மிச்சம் பிடித்தாவது இந்த கவரை எடுத்துவிடுங்கள். மழையில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் டோ பண்ணச் சொல்லுங்கள்.

அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை டெலிவரி. ஷோரூமில் பதினொரு மணி என்றார்கள். பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம், அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். ஒன்பது மணிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். டி.என். 13 பதிவு, எங்கள் அம்பத்தூர் நம்பர். பிளேட்டில் அசோகச் சக்கர ஹாலோகிராம், கழற்ற முடியாத ஸ்னாப் லாக். பின்னால் இருந்த லாக் ஒன்று லூசாக ஆடியது. காட்டினேன், உடனே மாற்றினார்கள். முன் கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தது. சாவி இரண்டு, ஜாக்கி, ஸ்பானர், இன்வாய்ஸ், விற்பனைச் சான்றான ஃபார்ம் 21, இன்ஷூரன்ஸ் காகிதம் எல்லாம் எண்ணி வாங்கினேன்.

சிவப்புத் துணியை என் மகள் இழுத்தாள். ஏழாவது படிக்கிறாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அம்மா சந்தனம், குங்குமம் வைத்தாள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம்.

எல்லோரும் போட்டோவுக்கு நிற்கையில் அப்பா மட்டும் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். திறந்தார், மூடினார். திரும்பத் திறந்தார். சத்தத்தைக் கேட்கிறார் என்று புரிந்தது. தகரம் மோதுகிற சத்தம் இல்லாமல் தலையணையில் குத்தியதுபோல் "டப்" என்று அடங்கிய சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் பாதி கதவுடையது, பாதி ரப்பருடையது.

"இதுல எதும்மா உன்னுது?" என்று கேட்டார்.

பதினாறு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி அது. வேலைக்குப் போகிறேன், சம்பளம் வருகிறது என்று தெரியும். என்ன செய்கிறேன் என்று அவர் கேட்டதும் இல்லை, நானாகச் சொன்னதும் இல்லை. அவர் கையைப் பிடித்து ரப்பரின் மேல் வைத்தேன். ஒரே நீளத் துண்டை வட்டமாகக் கொண்டுவந்து கீழே ஒரு இடத்தில் ஒட்டியிருப்போம், அந்த ஒட்டு விரலுக்குத் தட்டுப்படக் கூடாது, தட்டுப்பட்டால் அதுதான் கோட்டம் என்று சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு சுற்று முழுக்கத் தடவி முடித்துவிட்டு, "எங்கம்மா ஒட்டு?" என்றார்.

நான் குனிந்து கீழே ரப்பரை மடக்கி ஒட்டைத் தேடினேன். அங்கே கடுகளவு மஞ்சள் புள்ளி இருந்தது.

எங்கள் லைனில் கடைசிப் பரிசோதனை முடிந்ததும் ஒட்டின் உள்பக்கம் மார்க்கரால் ஒரு புள்ளி வைப்போம். கதவில் மாட்டிய பிறகு வெளியே தெரியாது. ஏ குரூப்புக்குப் பச்சை, பி-க்கு மஞ்சள், சி-க்கு வெள்ளை. நான் ஏ. மனசுக்குள் பச்சைப் புள்ளிக்காகத்தான் ஏங்கியிருந்தேன், மறைக்கவில்லை. நாலு கதவும் பார்த்தேன், நாலிலும் மஞ்சள். பி குரூப்பில் புள்ளி வைக்கும் அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரப்பரை எப்படித் தொட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். "கண்ணால பாக்காத, கண்ணு ஏமாத்தும். விரலால பாரு." ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர். அந்தப் புள்ளியைப் போட்டோ எடுத்து, "அக்கா, எங்க வண்டி" என்று அனுப்பினேன்.

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு வண்டியை எடுத்தோம். ராகு காலத்துக்கு முன்னால் சக்கரம் உருண்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அம்மா கணக்கு. நான்தான் ஓட்டினேன். லைசென்ஸ் பழையது என்றாலும் மூன்று மாசமாக ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவிங் ஸ்கூல் காரில் திரும்பப் பழகியிருந்தேன். முதலில் பெட்ரோல் பங்க். ஷோரூமில் ஊற்றிக் கொடுப்பது பங்க் வரைக்கும் போகத்தான் காணும். காற்றும் பார்த்தோம். யார்டில் மாசக்கணக்கில் நிற்பதால் டயரில் அதிகமாக அடைத்து வைத்திருப்பார்கள். 42 இருந்தது. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து 33-க்கு இறக்கச் சொன்னேன். அதற்கப்புறம் ஸ்டீயரிங் கையில் உட்கார்ந்த விதமே வேறு.

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே நேராகச் சென்ட்ரல். பல்லவன் சாலையில் பாடிகார்டு முனீஸ்வரர் கோயில். சென்னையில் புது வண்டி எடுத்தால் அங்கே ஒரு தடவை நிறுத்தாமல் அப்பாவுக்கு மனசு ஆறாது. எங்கள் முதல் மொபெட்டும் அங்கே போயிருக்கிறது. அன்றைக்கும் எங்களுக்கு முன்னால் ஒரு லோடு ஆட்டோ, இரண்டு புல்லட், மாலை வாடாத ஒரு பெரிய லாரி. பூசாரி பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றிச் சுற்றி உடைத்தார். என் மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது அமைந்தகரையில் பிடித்தது மழை. அந்த வாரம்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்தது. வைப்பரை முழு வேகத்தில் வைத்தும் முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. கை நடுங்கியது. அப்பா பக்கத்து சீட்டிலிருந்து, "மெதுவாவே போம்மா, நமக்கு என்ன அவசரம்" என்று இரண்டு தடவை சொன்னார். பாடி மேம்பாலம் ஏறும்போது போன் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் பின் சீட்டிலிருந்து எடுத்து அந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டார். பி குரூப் அக்காவின் குரல். பின்னால் லைனின் இரைச்சல்.

"ஏய், என் புள்ளிடீ அது! நல்லா இருக்கா? ஒட்டு தட்டுதா பாரு. மழ பேயுதே அங்க, ஒழுகுதா என்னன்னு பாத்துச் சொல்லு. நைட்டு தூங்க மாட்டேன் நான்."

வீட்டுக்கு வந்தும் மழை நிற்கவில்லை. வாசலில் நிறுத்திவிட்டு எல்லோரும் உள்ளே ஓடினோம். தலையைத் துவட்டிவிட்டு எட்டிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். தெருவில் குடையைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பின் கதவைத் திறந்து, கீழ்ச் சட்டத்தின் உள்பக்கம் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். முதுகு முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"காஞ்சு கெடக்கு. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு."